கால் தட்டிய மண்

கீமேன் ஆவுடையப்பன் செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் மிச்சமிருந்த பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போன மறுநாள், காலை ஐந்தரை மணிக்கு, அவர் உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட ஏறி நடக்காத நடை மிஷின் தானாக ஓட ஆரம்பித்தது. பிளக் தரையில் கிடந்தது. அதைச் சொருகாமல் இது கிளம்பவே கிளம்பாது என்று மெக்கானிக் சொல்லிக் கொடுத்திருந்த சிவப்புச் சாவி, காலண்டர் ஆணியில் தொங்கியது. ஆனாலும் கறுப்பு பெல்ட் முன்னாலிருந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தது, அதன்மேல் இடது வலது என்று மாறி மாறி ஒரு பாதத்தின் அளவுக்குப் பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது, கைப்பிடியில் காயப்போட்டிருந்த அவருடைய வேட்டி அந்த அசைவில் ஆடியது. காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த பிரமசக்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பமாவது நடக்கணும்னு தோணிச்சே உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, பால் பொங்கிவிடுமே என்று திரும்பிப் போய்விட்டாள்.

அது திருநெல்வேலியில் ரயில்வே லைனை ஒட்டி, ஒரே முற்றத்தைப் பார்த்தபடி ஏழு வீடுகள் இருந்த ஒரு வளவு. மூன்றாவது வீட்டில் இவர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஆவுடையப்பன் முப்பத்தெட்டு வருஷம் கீமேனாக இருந்தவர். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் பங்குத் தண்டவாளம் முழுக்கத் தினமும் நடந்து, கழன்ற ஆப்புகளைத் தட்டி இறுக்கி, அப்படியே திரும்பி வர வேண்டும், அதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் நின்று வலது காலை மூன்று தட்டு, இடது காலை மூன்று தட்டு. ஜல்லித் தூளும் துருவும் கலந்த மண் ஒரு கைப்பிடி அங்கே குவியும். "வளவு மண்ணெல்லாம் எங்க வீட்டு வாசல்லதான்" என்று பிரமசக்தி முப்பத்தெட்டு வருஷமும் விளக்குமாறும் கையுமாகத் திட்டியிருக்கிறாள். தட்டாமல் உள்ளே வந்தால் அதற்கும் திட்டுவாள். சுத்தம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு வெறி.

அவர்களுக்கு ஒரே மகள் இந்துமதி. ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில், பூ லோடு அடிக்கிற முனிராஜைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. ஆவுடையப்பன் அன்றைக்கு முற்றத்தின் நடுவில் நின்று, ஏழு வீட்டுக்கும் கேட்கும்படி, "அவ வாசப்படிய மிதிச்சா எங் காலு அழுகிப் போவும்" என்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. சர்க்கரையும் நெஞ்சுவலியும் வந்து, கட்டாயம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அம்மா போனில் சொல்லக் கேட்டு, இந்துமதி அனுப்பியதுதான் அந்த மிஷின். பாளையங்கோட்டை மெக்கானிக் சேவியர் வந்து அரைநாள் திருகாணி முடுக்கி அதை நிறுத்தினான். பாதிக் கூடம் போனது. ஆவுடையப்பன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"தண்டவாளத்துல நடந்தவனப் போயி நின்ன எடத்துல நடக்கச் சொல்லுதா" என்றார். அவ்வளவுதான். பிறகு அதன்மேல் துணி காய்ந்தது.

அவர் போன அன்றைக்கு இந்துமதி வந்தாள். யாரும் தடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், அழுதாள், எல்லாம் முடிந்த பிறகு அடுப்படி மூலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னாவளாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரமசக்திக்கு அந்த நேரம் வாய் வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவள் தன்னையே மன்னிக்கவில்லை.

மிஷின் ஓடிய முதல் நாள், சரியாக ஒரு மணி நேரம் ஓடி நின்றதும், பெல்ட்டின் பின்பக்கம் தரையில் கொஞ்சம் மண் விழுந்து கிடந்தது. கூட்டித் தள்ளினாள். மறுநாளும் விழுந்தது, கூட்டினாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ விழுந்தது கறுப்பாக, விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்போடு இருந்தது. அப்போதுதான் நாலாம் வீட்டுக் கொம்பையாவைக் கூப்பிட்டாள். கொம்பையா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் ஸ்டேஜ் தவறாமல் ஒப்பிப்பார். அவர் மண்ணை முகர்ந்தார், தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"தங்கச்சி, இது கரிசல். மச்சான் கயத்தாறு தாண்டி கோயில்பட்டிக்குப் போய்க்கிட்டிருக்காரு."

வளவு அதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் குடத்தை முற்றத்தில் வைத்துவிட்டு, மூன்றாம் வீட்டில் தலையை நீட்டி, "அண்ணாச்சி இன்னைக்கு எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாத்தூரில் தீக்குச்சி ஒன்று விழுந்தது. விருதுநகரில் மிளகாய் வற்றல் விதை விழுந்து வளவே தும்மியது. மதுரையில் பூக்கட்டும் நார் விழுந்தபோது, மகனை மதுரையில் ஹாஸ்டலில் விட்டிருந்த ஒருத்தி மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அப்பிடியே அவனையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்கண்ணாச்சி, போனே எடுக்க மாட்டங்கான்" என்று சொன்னாள். அன்று சாயங்காலம் மகன் போன் செய்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். கரூர்ப் பக்கம் பெல்ட் ஈரமாக ஓடியது, அங்கே மழை என்று தெரிந்துகொண்டு அன்றைக்கு இங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஒரு மனிதர் மழையில் குடையில்லாமல் நடக்கிறாரே என்ற வருத்தம்தான். நாமக்கல்லில் கோழி இறகு, சேலத்தில் வெள்ளைக்கல் பொடி. பூந்தொட்டி வைத்திருந்தவர்கள் மண்ணைப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள், ஆறாம் வீட்டுத் தொட்டியில் திண்டுக்கல் செம்மண்ணில் காசித்தும்பை பூத்தது.

மண்ணோடு தினமும் ஜல்லித் தூளும் துருவும் விழத்தான் செய்தது. "நாலுவழிச் சாலை வேலை நடக்குல்லா, அந்த ஜல்லி" என்று கொம்பையா சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் அந்தத் துருவை வேட்டியிலிருந்து துவைத்து எடுத்தவள் பிரமசக்தி. அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். விவரம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள், வேறென்ன.

எங்கே போகிறார் என்பதை மதுரை தாண்டிய அன்றைக்கே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். "வடக்க மச்சானுக்கு யாரு இருக்கா?" என்று கொம்பையாதான் வாய்தவறிக் கேட்டார். பிரமசக்தி அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். அழுது முடித்து மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, உங்க அப்பா ஒன்னப் பாக்க வாராவ."

"நடந்தாம்மா?" என்று கேட்டாள் இந்துமதி.

"அவியளுக்கு வேற எப்பிடி வரத் தெரியும்?"

அன்றிலிருந்து இந்துமதி தினமும் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, ஓசூர் வீட்டு வாசற்படியைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்து படியை மிதிப்பாரா, தெருவிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவாரா என்பதுதான் அவளுடைய பயம் எல்லாம். மிதித்தால் போதும், உள்ளே வரக்கூட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாள்.

இதற்குள் வளவை விற்றாகிவிட்டது. கல்யாண மண்டபம் வரப்போகிறது என்றார்கள். வீட்டுக்காரர் பொல்லாதவர் இல்லை. அவரே ஒருநாள் காலையில் வந்து நின்று, நாமக்கல் கோழி இறகு விழுவதைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணாச்சி போய்ச் சேருத வரைக்கும் இருங்க" என்று வாக்குக் கொடுத்தவர்தான். ஆனால் வாங்கியவர் அவசரக்காரர். ஆறு வீடு காலியானது, கொம்பையாவும் அடுத்த தெருவுக்குப் போனார், முற்றத்தில் ஜேசிபி வந்து நின்றது. கொம்பையா காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்டேஜ் எழுதிக் கணக்குப் போட்டார். தர்மபுரி ஆகிவிட்டது. இனிக் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர்.

"கிருஷ்ணகிரின்னா மாம்பழம், தங்கச்சி. ஒரு மாங்கா நாராவது விழணும். அது விழலைன்னா இன்னும் கிருஷ்ணகிரி வரலைன்னு அர்த்தம்."

பத்து நாள், பன்னிரண்டு நாள் பார்த்தார்கள். மாங்காய் நார் விழவில்லை. ஒருநாள் பெல்ட்டின் பின்னால் தக்காளி விதையும் தோலும் நசுங்கிக் கிடந்தன. நேற்று ரசத்துக்குக் கரைத்தது இங்கே வரைக்கும் தெறித்திருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டு பிரமசக்தி ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாளும் கிடந்தது, துடைத்தாள். இன்னொரு நாள் ரோஜா இதழ் ஒன்று. அவர் படத்து மாலையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று பெருக்கித் தள்ளினாள்.

"மச்சான் தர்மபுரிலயே உக்காந்துட்டாரு போல. காலு வலிச்சிருக்கும்" என்றார் கொம்பையா. "நீ இதக் கழட்டி ஓசூருக்குக் கொண்டு போயி மாட்டு. அங்க இருந்தே பாத்துக்கிடலாம். இன்னும் ஒரு வாரமாவது ஆவும்."

முனிராஜ் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அம்மா தனியாக இத்தனை சாமானையும் எப்படிக் கட்டுவாள் என்று இந்துமதியும் கூடவே வந்தாள். ஓசூர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் இருக்கிறதே.

சேவியர் காலையில் மிஷின் ஓடி நிற்கிற வரைக்கும் முற்றத்தில் காத்திருந்தான். பிறகு உள்ளே வந்து, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அக்கா, இதப் பிரிச்சா அண்ணாச்சி நடுவழில நின்னுர மாட்டாவளா?"

"நிப்பாவளோ மாட்டாவளோ, நாஞ் சொல்லி எதக் கேட்டாவ" என்றாள் பிரமசக்தி. ஆனாலும் மிஷினுக்குப் பக்கத்தில் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள். "ரெண்டு நாளு அங்கனயே இருங்க. நாங்க முன்னால போயிக் கதவத் தொறந்து வைக்கோம். பெறவு வாங்க."

சேவியர் முதலில் மோட்டார் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு சொளகு மண் இருந்தது, கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாக, ஊர் ஊராகப் படிந்து. யாரும் அதைக் கொட்டச் சொல்லவில்லை. அவனே ஒரு பையில் அள்ளி முடிச்சுப் போட்டான். பிறகு மேலே எண் ஓடுகிற பலகை, அதற்குப் போகிற வயரைப் பல்லி வாலைப் பிடிக்கிற மாதிரி மெதுவாக உருவினான். இரண்டு தூண்கள். பின் உருளையின் திருகாணியைத் தளர்த்தியதும் அத்தனை நாள் விறைப்பாக நின்ற பெல்ட் தொய்ந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் பிரமசக்திக்கு அவரைப் பாயில் கிடத்திய நாள் ஞாபகம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருகாணிகளை இனம் பிரித்துக் கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் தூண், பலகை, உருளை என்று சேவியர் பேனாவால் எழுதினான். கடைசியாகக் காலண்டர் ஆணியிலிருந்த சிவப்புச் சாவியை இந்துமதி எடுத்துத் தாலிச் சங்கிலியோடு சேர்த்துக் கோர்த்துக்கொண்டாள். அவள் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பிய மாதிரி இல்லாமல், எவருடைய வீட்டுச் சாமானோ போல, மிஷின் நாலு சாக்கு மூட்டையாக வண்டியில் ஏறியது.

மறுநாள் விடிகாலை கிளம்பினார்கள். மூன்று பேரும் முன் சீட்டில். சேலம் தாண்டி, தர்மபுரி தாண்டி, சாயங்கால வெயிலில் கிருஷ்ணகிரி வந்தது. ரோட்டோரம் மாம்பழம் குவித்து வைத்து விற்றார்கள்.

"இந்த ஊருக்குத்தான் இன்னும் வரல்ல" என்றாள் பிரமசக்தி. "மாங்கா நாரு விழும் விழும்னு பாத்துக்கிட்டே இருந்தோம். விழுந்ததெல்லாம் எங்க வீட்டுத் தக்காளிதான். தொடச்சித் தொடச்சிக் கையி வலிச்சிட்டு."

முனிராஜ் திரும்பிப் பார்த்தான். "தக்காளியா அத்தே? என்னிக்கு?"

"போன வாரம் பூரா."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னான். "மாமா ரோட்டுலயா நடப்பாரு? ரயில் லைன்லதானே நடப்பாரு. ரயில் கிருஷ்ணகிரிக்கே வராதுத்தே. தர்மபுரில இருந்து அந்தாண்ட திரும்பி ராயக்கோட்டை வழியா ஓசூர் போவுது. ராயக்கோட்டைன்னா தக்காளி மண்டிதான்."

இந்துமதி மெதுவாகக் கேட்டாள். "யம்மா, வேற எதுவும் விழுந்துச்சா?"

"ஒரு ரோசாப்பூ எதழு" என்றாள் பிரமசக்தி. "அவிய படத்து மாலைன்னு நெனச்சேன்."

ஓசூரைச் சுற்றி எத்தனை ரோஜாத் தோட்டம் என்பது, தினமும் அந்தப் பூவை லோடு அடிக்கிற முனிராஜுக்குத் தெரியாதா. சூளகிரி மேட்டில் அவன் அதற்கு முன் வண்டியை அத்தனை வேகமாக ஓட்டியதே இல்லை.

தெருமுனையில் வண்டி திரும்பியதுமே எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தாள். "நேத்து காலையில உங்க வூட்டாண்ட யாரோ வந்தாங்கம்மா. டப்பு டப்புன்னு தட்டுனாங்க. எட்டிப் பாத்தா ஆளே இல்ல. நாயி மட்டும் உங்க வாசலப் பாத்து ரொம்ப நேரம் வாலாட்டிட்டே நின்னுச்சி."

கதவில் பூட்டுத் தொங்கியது. படியில், இந்துமதி ஊருக்குக் கிளம்பும் முன் போட்டுவிட்டுப் போன கோலத்தின் ஓரத்தில், இரண்டு சிறிய மண் குவியல்கள் இருந்தன. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. கரிசலும் செம்மண்ணும் ஆற்று மணலும் வெள்ளைப் பொடியும் துருவும், மேலாக நாலைந்து தக்காளி விதையும்.

பிரமசக்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "காலத் தட்டியிருக்காவட்டி" என்றாள். "உள்ள வரணும்னுதான் தட்டியிருக்காவ. வெளிய நிக்கதுக்கு யாராவது காலத் தட்டுவாவளா?"

இந்துமதி பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷம் திறக்கக் காத்திருந்த கதவை, அவர் வந்த ஒரே ஒரு நாள் அவளே பூட்டிவிட்டுப் போயிருந்தாள். வாய்விட்டு அழுதாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு விஷயம் தெரியாவிட்டாலும் அவளும் கூட அழுதாள்.

இன்னும் பக்கத்தில் எங்காவது இருப்பார் என்று அன்று இருட்டுகிற வரைக்கும் முனிராஜ் தண்டவாளத்தோரம் தேடிவிட்டு வந்தான். மறுநாள் பகலில் சேவியரின் கவர்களைப் பார்த்துப் பார்த்து அவனே மிஷினை மாட்டினான். அதற்கு மறுநாள் ஐந்தரை மணிக்குப் பெல்ட் ஓடியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தது தக்காளி விதை. நாலாம் நாள் தர்மபுரி மண். கீமேன் அல்லவா, போன வழியே திரும்பிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்கு, வளவுக்கு, மூன்றாவது வீட்டுக்கு. மகள் வீடு பூட்டியிருந்தால் மனிதன் வேறு எங்கே போவான்?

வளவு அந்த வாரமே தரைமட்டம் ஆகியிருந்தது.

பிரமசக்தி கொம்பையாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "பஸ்காரன் புத்தி, தங்கச்சி" என்றார் கொம்பையா. அன்றைக்கே அவர் ஜேசிபிக்காரனைப் போய்ப் பிடித்து, மூன்றாம் வீட்டு வாசற்படிக் கல்லை மட்டும் எடுக்காதே என்று கெஞ்சி, அவன் மேஸ்திரியிடம் பேசி, கல் அப்படியே நின்றது. காலி செய்துபோன மற்ற ஐந்து வீட்டுக்காரர்களுக்கும் ஆள் அனுப்பினார். அவர்கள் ஊரின் மூலைக்கு ஒருவராகச் சிதறியிருந்தாலும், முறை வைத்துக்கொண்டு காலையில் வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொம்பையா இப்போது ரயில்வே டைம் டேபிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனாக அடித்துக்கொண்டு வந்தார். ஓசூர் வீட்டு மிஷினில் வெள்ளைப் பொடி விழுந்தது, பிறகு இறகு, பிறகு ஆற்று மணல். மூன்று மாதத்துக்கும் மேல் ஆனது. பிரமசக்தி எதையும் துடைக்கவில்லை. கூடம் முழுக்க மண்ணாகக் கிடந்தது, அதன்மேலேயே நடந்தார்கள்.

கரிசல் விழத் தொடங்கியதும் பிரமசக்தியும் இந்துமதியும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார்கள். ஓசூர் வீட்டைப் பூட்டவில்லை. பெல்ட்டைப் பார்த்துச் சொல்ல முனிராஜ் அங்கேயே இருந்தான்.

ஆறாம் நாள் காலை முனிராஜ் போன் செய்தான். "அத்தே, இன்னிக்கு மிஷின் ஓடல."

அவர்கள் அப்போது வளவு இருந்த இடத்தில்தான் நின்றிருந்தார்கள். சுற்றித் தகரம் அடைத்த வெறும் பொட்டல், செங்கல் துண்டுகள், நடுவில் தனியாக ஒரு வாசற்படிக் கல். கொம்பையாவும் பழைய வளவுக்காரர்களும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். முதல் பாசஞ்சர் கூவிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் கல்லின்மேல் கேட்டது. மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி, மூன்று தட்டு. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மண் உதிர்ந்து கல்லில் இரண்டு குவியலாக விழுந்தது. பிறகு நிசப்தம். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதரின் நிசப்தம் அது.

பிரமசக்தி கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, தலையிலிருந்து நழுவிய சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தட்டுனது போதும்" என்றாள். "அப்பிடியே வாங்க. மக வந்துருக்கா."

உள்ளே என்று காட்ட அங்கே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இந்துமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லாத நிலைப்படியிலிருந்து அப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.